ரெண்டு விரக்கடை ரிக் ஹோஸ்

அங்க குனிஞ்சு பாத்தா ஒண்ணும் கெடைக்காதுங்கம்மணி. சக்கரம் உள்ள மடங்குன வேகத்துல எல்லாம் நசுங்கிக் கெடக்குது. வெயிலு வேற. சித்த இந்த வேப்பமரத்தடிக்கு வாங்க, சொல்றேன்.

நான் யாரா? ஸ்டேசன்ல கேளுங்க. இங்க நிக்கற வண்டிகளவிட எனக்குத்தான் இந்தக் காம்பவுண்டு பழக்கம். காளிதாஸுங்க. மோகனூர் டிரைவருங்க சங்கத்துக்கு நாந்தான் தலைவரு. சங்கம்னா, இப்ப ஒரு போர்டும் என்ற செவப்புத் துண்டும்தான் மிச்சம். பிரேக் இன்ஸ்பெக்டருன்னா ஊர்ல சாருன்னோ மேடம்னோ கூப்புடுவாங்க. நான் எந்த ஆபீசரையும் அப்படிக் கூப்பிட்டதில்லீங்க. அம்மணின்னா கோவிச்சுக்க மாட்டீங்கதானே.

இல்லீங்க, சிபாரிசுக்கு வரல. டிரைவர் ஜீவானந்தம் தூங்கிட்டான்னு போலீஸ்ல எழுதியிருக்கறாங்க. அவனும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு ஆமா, கண்ணசந்துட்டேன்னு சொல்லியிருக்கறான். காத்தால பத்து மணிக்குங்க. பதினெட்டு வருசமா மோகனூர் ரோட்டுல டாக்ஸி ஓட்டறவன், பத்து மணி வெயில்ல தூங்குவானுங்களா? அன்னைக்கி சாலம்மாளக் கண்ணுக்குக் காட்டறதுக்கு நாமக்கல் கூட்டிட்டுப் போனான். கரும்பு வெட்டப் போற பொம்பளைங்க அது. இப்ப இடுப்பு நொறுங்கி சேலம் பெரியாஸ்பத்திரில கெடக்குது. இனி நடக்கறது சந்தேகம்னு சொல்றாங்க.

ஆமாங்க, மறியல் பண்ணுனது நாந்தான். ரோட்டுக் குழிதான் காரணம், காண்ட்ராக்டரப் புடின்னு சொன்னேன். நூறு பேரு உக்காந்தாங்க. நெம்ப வருசம் கழிச்சு என்ற கொரலுக்குக் கூட்டம் சேந்துது. பேசப் பேச எனக்கே அது நெசமாட்டத் தோணிருச்சுங்க.

சரி, வண்டிக்கே வாரேன். சக்கரத்தப் புடிச்சிருக்கற ஆர்மு, வண்டியோட சேர்ற எடத்துல ஒரு வளையம் இருக்குமில்லீங்களா. வளையத்துக்குள்ள ரப்பர் புஷ், அதுக்கு நடுவுல போல்ட்டு. உங்களுக்குத் தெரியாததா. எங்க ரோட்டுல அந்த ரப்பரு வருசத்துக்கு ஒருக்கா செத்துப் போகும். வண்டி லொடக்கு லொடக்குன்னு பேச ஆரம்பிச்சிரும். கடைக்குப் போனா புஷ்ஷ மட்டும் தரமாட்டான். ஆர்மோட முழுசா வாங்கும்பான். பல்லு வலின்னு போனவங்கிட்ட தாடையவே மாத்தோணும்னா என்ன அர்த்தம்? இதுக்குப் பேருதானுங்க சுரண்டல்.

அதுக்காவ எங்காளுங்க என்னென்னமோ பண்ணுவாங்க. ஒருத்தன் செருப்பு ரப்பர வெட்டித் திணிப்பான். ஒருத்தன் சைக்கிள் டியூப்பச் சுத்துவான். கண்ணாடி ஒட்டற பசைய ஓட்டைல ஊத்தி ரெண்டு நாளு காயப் போடுறவனும் இருக்கறான். ஒண்ணும் மாசந் தாங்காது. ரிக் ஹோசக் கண்டுபுடிச்சது நானுங்க. திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கெணறு போடற ரிக் வண்டில கழிச்சுப் போட்ட ஹோசு, காத்து போறது. கல்லாட்டம் ரப்பரு, நடுவுல துணி அடுக்கு. ரெண்டு விரக்கடைக்கு அறுத்துக்கோணும். வளையத்துல இருக்கற பழைய ரப்பரத் தீ வெச்சு எரிச்சு எடுத்துட்டு, சோப்புத் தண்ணி தடவி, பட்டறை வைசுல வெச்சு அமுக்கோணும். அவ்வளவுதான், சத்தம் நின்னுரும். என்ற வண்டில ரெண்டு வருசம் ஓடிச்சு.

நான் படிச்சது நாலாங்கிளாசுங்க. மிச்சமெல்லாம் நோட்டீஸப் படிச்சுக் கத்துக்கிட்டதுதான். அதனால எது தெரிஞ்சாலும் ஒடனே ஒரு நோட்டீஸ் போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். உதிரிபாகக் கொள்ளையை முறியடிப்போம், நம் வண்டியை நாமே சரிசெய்வோம்னு தலைப்பு. கீழ படத்தோட ஆறு படி. ஐநூறு அடிச்சேன்.

சிரிக்கறீங்க. நாப்பது வருசமா நோட்டீஸ் போடறேனுங்க. சர்க்கரை ஆலைக் கூலிக்குப் போட்டேன், காவேரில மணல் அள்ளுனதுக்குப் போட்டேன், ஜெயிலுக்குள்ளருந்தும் எழுதியனுப்புனேன். எல்லாத்துலயும் கடலை மடிச்சாங்க. நான் வளத்துவுட்ட பசங்க காண்ட்ராக்டருங்க ஆயிட்டாங்க, எதுக்க வந்தா கண்ணாடிய ஏத்திக்கறாங்க. இந்த ஒரு நோட்டீஸத்தானுங்க டிரைவருங்க பிளாஸ்டிக் கவர்ல போட்டு வண்டிக்குள்ள பத்திரமா வெச்சிருந்தாங்க. ஜலகண்டாபுரத்துலருந்து ஒருத்தன் போன் போட்டு, தோழர், நம்ம வண்டி வாயடச்சிருச்சுங்கன்னு சொன்னான். அன்னைக்கி நான் சோறு திங்கல, அம்புட்டு சந்தோசம்.

ஆமாங்க, இந்த வண்டிலயும் அதுதான். ஜீவானந்தம் போட்டிருந்தான்.

அவசரப்படாதீங்க, மீதியையும் கேளுங்க. ஹோசுல ரெண்டு தினுசு இருக்குதாம். காத்து போறதுல துணி அடுக்கு. ஆயில் போறதுல இரும்புக் கம்பி வலை. நான் அறுத்தது பூரா துணி. நோட்டீஸ்ல வெறும் ரிக் ஹோஸ்னு மட்டும் எழுதுனேன். கம்பி வெச்சதப் போட்டா, ரப்பரு தேயத் தேய அந்தக் கம்பி நுனியெல்லாம் வெளிய வந்து போல்ட்டோட ஒரசும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஒரசல். ரம்பமாட்ட. இத ஒரு ரிக் மெக்கானிக் சொல்லித்தான் எனக்கே தெரியும், போன வாரம், இந்த வண்டி அடிபட்டதுக்கு அப்பறம். அவன் சொன்ன தொனி இருக்குதே, கொழந்தைக்கும் தெரியுமேங்கற மாதிரி.

சொல்லாம இருப்பனுங்களா? மறுநாளே ஸ்டேண்டு ஸ்டேண்டா போனேன். கழட்டுங்கடா, எது கம்பி எது துணின்னு பாருங்கடான்னேன். பெரியசாமின்னு ஒருத்தன், நாந்தான் அவனுக்குச் சங்கத்துல மெம்பர் சீட்டுப் போட்டுக் குடுத்தேன். அவன் எல்லாரு முன்னாலயும் கேக்கறான், ஏனுங்க தோழர், கம்பெனிக்காரன் உங்களயும் வாங்கிட்டானான்னு. எல்லாரும் ஒட்டுக்காச் சிரிச்சாங்க. கழட்டல. அத்தனை வண்டியும் இன்னைக்கும் ஆளேத்திக்கிட்டு ஓடுதுங்க.

அதுக்குத்தானுங்க வந்தது. நாளைக்கி மோகனூர் ரோட்டுல நின்னு வண்டியப் புடிங்க. படுத்துக் கீழ பாருங்க. வாழ்நாள்ல ஒரு ஆபீசரப் பாத்து வண்டிய வுடுன்னுதான் கத்தியிருக்கறேன். புடிங்கன்னு கேக்கறது இதுதான் மொதல். அப்பறம் உங்க ரிப்போர்ட்டுல, டிரைவர் தூங்கலைன்னு எழுதுங்க. போல்ட்டு அறுந்து ஆர்ம் கழண்டுச்சுன்னு எழுதுங்க. இல்லாட்டி அவன் லைசென்சு போயிரும், ஜெயிலுக்கும் போவான். அவனப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனேனுங்க. வண்டில இருந்த நோட்டீஸ அனிதா எடுத்து எரிச்சுட்டா, நீங்க வாயத் தொறக்காதீங்க தோழர், உங்களுக்கு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதானேன்னு சொன்னான். அனிதா அவன்ற சம்சாரம். எங்கிட்ட அவ தண்ணி வேணுமான்னு மட்டும் கேட்டா.

அதுசரி. வாயில சொன்னா எழுத முடியாதுதான், சாட்சிப் பொருள் வேணும். அதத்தானே வந்ததுலருந்து தேடறீங்க.

இந்தாங்க. துண்டு முடிச்சு இறுகிப் போச்சு, இருங்க. அறுந்த போல்ட்டுங்க, ஹோசோட. ரோட்டுல கெடந்துது, போலீசு வாரதுக்கு முந்தி எடுத்துட்டேன். மறியல்ல உக்காந்தப்பவும் இந்தத் துண்டு நுனிலதான் இருந்துது. போல்ட்டு அறுந்த எடத்தத் தடவிப் பாருங்க. மெதுவா, கம்பி கையக் குத்தும்.

ஜீவானந்தத்துக்குத் தெரியாம இல்லீங்க. மாட்டறதுக்கு முந்தி எனக்குப் போன் பண்ணிக் கேட்டான், தோழர், இதுல கம்பி இருக்குதே, போடலாமான்னு. போடு, இன்னும் கெட்டியா நிக்கும்னு சொன்னேன். அடுத்த நோட்டீசுக்கு புரூப் பாத்துட்டிருந்தேனுங்க. தலையக்கூட நிமித்தல.