வழி சொல்லாத ரவுட்டர்கள்

மும்பையில், தானே ஊருக்குப் போகும் லோக்கல் ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெண், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்:

"ரெண்டு ரவுட்டரும் கை குடுத்துக்கிட்டுண்ணே. ஆனா டேட்டா எந்தப் பக்கம் போவணும்னு ஒண்ணுக்கொண்ணு வழியே சொல்லல. அதான் அன்னைக்கு தாராவி பூரா நெட் போச்சு."

"கூட வேல பாத்த முருகன் கேபிள மாத்திக் குத்துனதாலன்னுல்லா சொன்னாவ?"

"இல்லண்ணே. ரவுட்டர்ல ஓடுதது ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். புது வெர்ஷன்ல, வழியப் பகிரலாம்னு நாமதான் அனுமதி எழுதணும். அப்டேட் போட்ட நான் எழுதல. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

"அவன வேலைய விட்டே தூக்கிட்டாவளே!"

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். திரும்பக் கூப்பிடுதேன்னாரு. ஆனா முருகன் என் போன எடுக்க மாட்டேங்கான். அதான் வீட்டுக்கே போறேன்."

"நானும் வாரேன்."

"வேண்டாம்ணே. தப்பு என்னோடதுல்லா."

முலுண்ட் ஸ்டேஷனில் அவள் மட்டும் இறங்கினாள். வண்டி புறப்படும்வரை அவர் பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.