மாங்கனிக்கு ஒரு கைத்தடி

சொர்ணாம்பாள்: ...எனக்குத்தான் மரைக்காயரே, எனக்குத்தான்! இந்த முட்டிய வச்சிக்கிட்டு மாங்கனித் திருநாளுக்கு எப்படிப் போறது? நல்ல கைத்தடியா எடுங்க.

சிதம்பரநாதன்: பாத்தீரா சாதிக் மரைக்காயரே? இத்தன வருசமா கோல் இல்லாமயே என்னை ஆட்டி வச்சவ. இப்ப கோலும் வேணுமாம்!

சாதிக்: இந்தாங்கம்மா, சைகோன்லேர்ந்து கப்பல்ல வந்த பிரம்பு, உருண்டைப் பிடி. பிரெஞ்சு துரைமாருக்குன்னு தருவிச்சது. அவங்கதான் ஊர விட்டுக் கப்பலேறிட்டாங்களே... ஊனிப் பாருங்க.

சொர்ணாம்பாள்: ஏங்க, நீங்க ஊனிப் பாருங்க.

சிதம்பரநாதன்: முட்டி உனக்கு... ஊனிப் பாக்குறது நானா?

சொர்ணாம்பாள்: உங்க கனத்தத் தாங்குனா என் கனத்தத் தாங்காதா?

சாதிக்: வாஸ்தவம்.

சிதம்பரநாதன்: நீரும் அவ கட்சியா! ...ம்ஹூம், உள்ளங்கையில உறுத்துது. துரை பந்தாவுக்குப் புடிச்சான், ஊனி நடக்கவா புடிச்சான்?

சாதிக்: அப்ப இது. வளைஞ்ச பிடி, அடியில ரப்பர் பூண், வழுக்காது. நேரா நின்னு கையத் தொங்க விடுங்கய்யா... மணிக்கட்டுக்குச் சரியா வரணும். ஆகா!

சிதம்பரநாதன்: இவ என் தோளுக்குத்தானே இருக்கா? இவளுக்கு ஒசரமாச்சே?

சொர்ணாம்பாள்: நான்... கொஞ்சம் நிமுந்து நடந்துக்கிறேன்.

சாதிக்: எந்தக் காலும்மா? வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில புடிக்கணும்.

சொர்ணாம்பாள்: வலது.

சிதம்பரநாதன்: வர்றப்ப இடதுன்னியே!

சொர்ணாம்பாள்: அது... மாறி மாறி வலிக்கும்!

சிதம்பரநாதன்: சரிதான். சாமி வர்றப்ப மாடியிலேர்ந்து மாம்பழம் எறிவாங்களே, ஒரு கை தடிக்குப் போயிட்டா எப்படிப் புடிப்பே?

சாதிக்: அதுக்குத்தான் வளைஞ்ச பிடி. முழங்கையில மாட்டிக்கிட்டா ரெண்டு கையும் சும்மா.

சொர்ணாம்பாள்: மாட்டுங்க, பாப்போம்... போன வருசம் கூட்டத்துல விழுந்துடுவோம்னு வீட்டுலயே இருந்துட்டீங்க. தனியா நின்னேன்... ஒரு பழம்கூடக் கைக்கு வரல.

சிதம்பரநாதன்: ஏ சொர்ணம்... அழுவாதடி, கடைத்தெரு.

சொர்ணாம்பாள்: எனக்கு முட்டியும் வலிக்கல, மண்ணும் வலிக்கல! தடின்னாலே எரிஞ்சு விழுவீங்க, அதான் பொய் சொன்னேன். இந்த வருசம் வருவீங்கல்ல?

சிதம்பரநாதன்: நீ ஆசையா வாங்கித் தர்றே... மாட்டேன்னா சொல்லுவேன்?

சொர்ணாம்பாள்: பாத்தீங்களா மரைக்காயரே, எப்படி மடக்கினேன்! ஆனா... இவரு ஒசரத்துக்கே எப்படி அச்சா அமைஞ்சுது?

சிதம்பரநாதன்: சாதிக்... சொல்ல வேணாம்...

சாதிக்: மன்னிச்சிக்கிங்கய்யா, அடக்க முடியல. ஐயா நேத்தே வந்து தன் ஒசரத்துக்கு அளவு குடுத்து இந்தத் தடிய அறுக்கச் சொல்லிட்டாரும்மா. 'என் முன்னாடி மட்டும் நொண்டுறா, கெணத்தடிக்குக் குடத்தோட ஓடுறா. நாளைக்கி இங்கதான் கூட்டிக்கிட்டு வருவா... அவளே ஜெயிச்சதா இருக்கட்டும்'னாரு.