பலகை பிடித்தவன்

இங்கே டீ நன்றாக இருக்கிறது மேடம். ஸ்டேஷன் டீ என்றால் கழுநீராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். திருவொற்றியூரில் இருபத்தாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், இந்தக் கட்டிடத்துக்குள் வருவது இதுதான் முதல் தடவை. இன்ஸ்பெக்டர் மங்கை, நீங்கள் பொறுமையாகக் கேட்பீர்கள் என்று சொன்னார்கள். பொறுமை வேண்டும். விஷயம் கொஞ்சம் டெக்னிக்கல்.

திலீப் இறந்த கேஸை மூடப் போகிறீர்களாம். ‘எதிர்பாராத விபத்து, மெக்கானிக்கின் அஜாக்கிரதை’ என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த மெக்கானிக் நான்தான், சவரிநாதன். அஜாக்கிரதை என்ற வார்த்தையை எடுக்கச் சொல்லத்தான் வந்தேன்.

டர்போ என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எஞ்சின் கக்கும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும், வண்டிக்குப் பலம் வரும். பெரிய சக்கரம் நிறையக் காற்று தரும், ஆனால் தூக்கம் கலைய நேரமாகும். சின்னது மிதித்தவுடன் எழும். எதை மாட்டுவது என்பதை வண்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஓடும் ரோட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இது என் கொள்கை. இந்த ஏரியாவில் டர்போ வைத்திருப்பவர்கள் நாற்பது பேர். கொள்கை வைத்திருப்பவன் நான் ஒருத்தன்.

திலீப்புக்குத் தண்ணீர் லாரித் தொழில். அது போதாதென்று ஒரு பழைய டீசல் பிக்கப் டிரக் வாங்கினான். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி இருக்கும், அதில் ஒரு நாளும் சரக்கு ஏறியதில்லை. முன் கண்ணாடியில் ‘எண்ணூர் சிங்கம்’ என்று ஒட்டியிருந்தான். சிங்கம் குடியிருந்தது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில். எஞ்சினை நானூறு குதிரைச் சக்திக்கு ஏற்ற வேண்டும், எந்த டர்போ என்று என்னிடம் கேட்டான்.

நான் வாயால் பதில் சொல்கிற ஆள் இல்லை. கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன், மடியில் நோட்டு. ஆக்ஸிலேட்டரை அடிவரை அவன் மிதித்த நேரத்தை மட்டும் குறித்தேன். ஒரு மணி பத்து நிமிஷப் பயணத்தில் மொத்தம் ஒன்பது விநாடி. அதிலும் ஆறு விநாடி, ஒரு மாடு மனசு வைத்து ஒதுங்கிய பிறகு. மிச்ச நேரமெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றோம்.

“சின்னதுதான் உனக்கு” என்றேன்.

அதற்கு அவன் கேட்டதை டீக்கடையில் எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டிருக்க வேண்டாம்.

“இன்னா நைனா, ஆம்புலன்ஸுக்கு மாட்ற சைஸ எனக்கு சொல்லிகினு கீற? நான் இன்னா பேஷண்டா ஏத்திகினு போறேன்?”

“ஆம்புலன்ஸ்தான் சிக்னல்ல டக்குனு எயும்பணும்” என்றேன். தொழில் ரீதியாக அது சரியான பதில். கடை முழுக்கச் சிரித்தது.

“அப்ப நீ ஆம்புலன்ஸ் நைனாதான்” என்றான் திலீப்.

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதை நான் மறுக்க மாட்டேன். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டுதான் சொன்னான். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. டிரைவர்கள் செல்போனில் என் நம்பரை அப்படியே பதிந்துகொண்டார்கள். மாதா கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பொருட்படுத்தவில்லை. எத்தனை பேர் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டால் நூற்றுப் பதினான்கு என்று சொல்ல முடியும், அது வேறு விஷயம்.

திலீப் வேறொரு இடத்தில் பெரிய டர்போ மாட்டிக்கொண்டான். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தான். எண்ணூர் பக்கம் ரோடு காலியாகக் கிடைத்த ஒரு நாள், ஒரு பால் வண்டியோடு போட்டி போட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறான். பெரிய சக்கரம் கண் விழிப்பதற்குள் பால் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது.

கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. “நீ சொன்னதுதான் கரெக்டு நைனா. சின்னதே மாட்டிடு” என்றான்.

மனசு நிறைந்துவிட்டது மேடம். அந்த நிமிஷம் அவன் எழுந்து போயிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பான். உட்கார்ந்துகொண்டே இருந்தான்.

“ஆனா வெளிய தெரிய வாணாம். பெருசோட மூடிய மேல வச்சு ஃபிட் பண்ணிடு. ஃபர்ஸ்ட் ஸ்டார்ட்ட நான் வீடியோ எடுத்துப் போடுவேன். ‘நான் சொன்னது தப்பு, இந்த வண்டிக்குப் பெருசுதான்’னு நீ ஒரு வார்த்த சொல்லிடு. தோஸ்துங்க முன்னாடி மானம் போவுது நைனா.”

அவனுக்கு மானம் இருந்தது. எனக்கு ஆம்புலன்ஸ் இருந்தது.

“சரி” என்றேன்.

அந்த அளவில் என் அலமாரியில் ஐந்து டர்போ இருந்தன. நான்கு நல்லவை. ஐந்தாவதின் ஆயில் சீல் செத்துவிட்டது, யாரும் எடுத்துவிடக் கூடாதென்று நானே அதன் மேல் சிவப்பு பெயின்ட் அடித்து ஒதுக்கியிருந்தேன். சீல் போன டர்போ என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ரிப்போர்ட்டில் அது தெளிவாக இல்லை. டர்போவுக்குள் ஓடும் எண்ணெய் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகும். டீசல் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். சாவியைத் திருப்பினால் டீசல்தான் நிற்கும், எஞ்சின் நிற்காது. உடைகிறவரை வேகம் ஏறிக்கொண்டே போகும். பேய் பிடித்துவிட்டது என்போம்.

பேயை நிறுத்தக் காற்றை அடைக்க வேண்டும். அதற்காகவே எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. துறைமுகத்திலிருந்து வந்த பெட்டிப் பலகை, ஒரு பக்கம் ரப்பர் அடித்தது, பின்னால் கைப்பிடி. எந்த வண்டியையும் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு ஆள் காற்று வாய் அருகே பலகையோடு நிற்பான். அவன் நிற்காமல் சாவி போடக் கூடாது. இருபத்தாறு வருஷத்தில் நான்கு தடவை பலகை வேலை செய்திருக்கிறது. பதினான்கு வருஷமாக அதைப் பிடிப்பது பாரி, என்னோடு இருக்கும் ஃபிட்டர்.

இரண்டு நாள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். சிவப்பு பெயின்ட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். மாட்டினேன்.

பேயை நிறுத்த இன்னொரு வழியும் உண்டு. கியரில் போட்டு பிரேக்கை அமுக்கினால் எஞ்சின் திணறி நின்றுவிடும். திலீப்புக்கு அது தெரியும். அதனால் சக்கரத்துக்குப் போகும் சாஃப்டைக் கழற்றி வைத்தேன்.

“இன்னாண்ணாத்த, சாஃப்ட்டு கீய கீது?” என்றான் பாரி.

“பெயின்ட் அடிக்கணும்.”

என்னை ஒரு தடவை பார்த்தான். சாஃப்டைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பத்தரை மணி. திலீப் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தினான். டர்போ போடும் விசில் சத்தம் வீடியோவில் விழ வேண்டும் என்று காற்று ஃபில்டரைக் கழற்றச் சொன்னதும் அவன்தான். காற்று வாய் திறந்து கிடந்தது, ஒரு டம்ளர் அகலத்துக்கு. பாரி பலகையை எடுக்கப் போனான். “இன்னிக்கு நான் புடிக்கிறேன்” என்றேன்.

முதலில் செல்போனைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான் சொன்னது தப்பு, இந்த வண்டிக்குப் பெரியதுதான் சரி. சொல்லும்போது ஒன்றும் ஆகவில்லை. குரல்கூட நன்றாகத்தான் இருந்தது.

அவன் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தான். இரண்டு நிமிஷம் சமர்த்தாக ஓடியது. “மிதி” என்றேன்.

மிதித்தான். காலை எடுத்தான். எஞ்சின் எடுக்கவில்லை. புகை வெள்ளையாக வந்து கடையை நிறைத்தது, கூரைத் தகரம் ஆடியது. சாவியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டிக் காட்டினான், நான்தான் அதை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதைப் போல. கியரைப் போட்டான். வண்டி அசையவில்லை. குதித்து ஓடி வந்தான்.

“பலகைய வெய் நைனா. வெய்யி நைனா.”

நான் வைக்கவில்லை. பலகையைப் பிடுங்கப் பார்த்தான், விடவில்லை. பலகையை அவன் மார்பில் வைத்துத் தள்ளினேன். கோபமாக இல்லை மேடம், அவன் எஞ்சின் பக்கம் போய் விழுகிற அளவுக்கு. ஓடிப்போயிருக்கலாம் அவன். வண்டி மேல் அவ்வளவு பாசம். சட்டையைக் கழற்றிச் சுருட்டி அந்த வாயில் திணித்தான். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று சுற்றுகிற சக்கரம் சட்டையை இழுத்தது, சட்டையோடு கையையும். மணிக்கட்டுவரை உள்ளே போயிற்று. எலும்பு நொறுங்கும் சத்தம் எஞ்சின் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருந்தேன். கேட்டது. பாரி பாய்ந்து அவனை இழுத்தபோது சக்கரம் உடைந்து சிதறியது. ஒரு துண்டு பாரியின் இரண்டு விரலைக் கொண்டுபோயிற்று. இன்னொன்று திலீப்பின் கழுத்தில் ஏறியது.

பிறகு பலகையை வைத்தேன். இரண்டு விநாடியில் எஞ்சின் நின்றது. பலகையில் குறை ஒன்றும் இல்லை.

திலீப் தரையில் கிடந்தான். “இன்னா நைனா” என்றான். கேள்வியா, குறையா, தெரியவில்லை. பாரி மிச்சம் இருந்த கையால் அவன் கழுத்தில் துண்டைக் கட்டப் பார்த்தான். ஒரு கையால் முடிச்சுப் போட முடியாது. என்னைப் பார்த்தான். எனக்கு இரண்டு கை இருந்தது. இரண்டிலும் பலகை பிடித்திருந்தேன்.

ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று, கன்டெய்னர் வரிசை. அதில் சின்ன டர்போதான். வழி கிடைத்த இடத்திலெல்லாம் டக்கென்று எழுந்திருக்கும்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். தள்ளுகிற நேரத்தில் வீடியோவில் தெரிவது என் முதுகு மட்டும். ஆனால் பாரி ஆஸ்பத்திரியில் உங்கள் ஆளிடம் சொல்லியிருக்கிறான்: “அண்ணாத்த பயத்துல மரமாட்டம் நின்ட்டாரு சார். வயசாயிடுச்சு, கை உதறுது.” என்னைக் காப்பாற்றுகிறானாம். விரல் போன கட்டோடு படுத்துக்கொண்டு என் பெயரைக் கெடுத்திருக்கிறான். என் மனைவி ஃப்ளோரா, பயந்த மனுஷன் என்று கோயில் எண்ணெயை நெற்றியில் தடவி, ஒன்பது நாளாக ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிறாள். “வாய மூடிகினு சூப்ப குடி. அதான் பாரியே சொல்ட்டானே” என்கிறாள். திலீப்பின் தோஸ்துகள் அந்த வீடியோவைப் போட்டுவிட்டார்கள், அதற்குக் கீழே எவனோ எழுதியிருக்கிறான்: ஆம்புலன்ஸ் நைனா மாட்டினா ஆம்புலன்ஸ்தான் வரும். அதற்கு ஆறாயிரம் லைக்.

அதாவது, எனக்கு டர்போ பார்க்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஆமாம் மேடம், வேண்டுமென்றேதான் தள்ளினேன். பயப்படவில்லை, கை உதறவில்லை. ஐந்தில் ஒன்றை ஆராய்ந்து எடுத்தேன், என்ன ஆகும் என்று நினைத்தேனோ அதுதான் ஆயிற்று. அந்த ரோட்டுக்குச் சின்ன டர்போதான் சரி என்பதையும் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள், திலீப்பே அதை ஒப்புக்கொண்டான். கையெழுத்து எங்கே போட வேண்டும், சொல்லுங்கள்.

கோர்ட்டில் இதை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள் அல்லவா? பெருமைக்காகக் கேட்கவில்லை, எனக்கு அந்தக் குணம் கிடையாது. டீக்கடையில் அன்று சிரித்தவர்கள் பதினோரு பேர். அவர்களுக்கும் சம்மன் அனுப்ப முடியும் என்றால், பெயர், விலாசம் எல்லாம் நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.