தண்ணீர் வரைக்கும்

புல் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றாமலே வாடாமல் இருப்பது இந்தத் தெருவில் இவள் வாய் ஒன்றுதான் என்று உன் அம்மா என்னைச் சொல்வாள். இப்போது துணைக்கு இந்த பிளாஸ்டிக் புல்லும் வந்துவிட்டது.

புல் ஒட்டியவரை மட்டும் விட்டுவிடு. நேற்று அவரை வாசலில் நிறுத்தி, "யாரைக் கேட்டு குளத்துத் தண்ணி வரைக்கும் போட்டே?" என்று நீ கத்தியதை ஜன்னல் வழியாகக் கேட்டேன். என் ஜன்னலைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே தவிர என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா அழுது ஓய்ந்து போயிருக்கிறாள், பாவம் என்று நினைத்திருப்பார். அவர் என்னைக் கேட்டுத்தான் போட்டார்.

உட்கார். முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் அம்மாவுக்குக் கண் தெரியாது. மூன்று வருஷமாகவே மங்கிக்கொண்டு வந்தது. வாரம் தவறாமல் போனில் பேசுகிற பிள்ளை நீ. போனில் கண்ணா தெரியும்? நான் கண்டுபிடித்தது என் தலைமுடியால். முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தேன். தெருவில் ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் சொன்னார்கள். நான் அக்கா என்று கூப்பிடுகிற உன் அம்மா மட்டும், "இன்னிக்குப் பின்னல் எடுப்பா இருக்கு" என்றாள். நான் அவள் கையை எடுத்து என் பிடரியில் வைத்தேன். வெகுநேரம் சிரித்தாள். பிறகு சொன்னாள், "ரேடியோ, இதை மட்டும் ஒலிபரப்பிடாதே. அவன் காதுல விழுந்தா நாளைக்கே வந்து என் பெட்டியைக் கட்டிடுவான்."

என் வயிற்றில் ஒரு சேதி ஒரு ராத்திரி தங்காது என்பது ஊரறிந்தது. இது இரண்டு வருஷம் தங்கியது.

சாயங்காலமானால் நாங்கள் இருவரும் உங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தெருவில் ஒருவர் விடாமல் உரித்துக் காயப்போடுவோம். அக்கா செருப்பில்லாமல்தான் வருவாள். சிமெண்டுத் தரை வழவழப்பு. குளத்தைச் சுற்றி ஓரடி அகலத்துக்குச் சொரசொரப்பான கல். காலில் கல் உரசியதும் நின்று, குனிந்து, உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. "கல்லுதான் என் கையைப் பிடிச்சு உட்கார வைக்குது" என்பாள்.

நீ வீட்டை விற்று அவளைக் கூட்டிப்போக முடிவு செய்தாய். நல்ல பிள்ளை செய்கிற காரியம். வாங்க வருகிறவர்கள் கண்ணில் சிமெண்டு விரிசல் படக் கூடாது என்று புல் போடச் சொன்னாய். "ஆளுங்க வந்தா கொஞ்சம் பார்த்துக்கோங்க சித்தி" என்று போனிலேயே என்னிடம்தான் ஒப்படைத்தாய்.

அக்கா மறுப்பாள் என்று இருந்தேன். அவள், "போய்த்தான் பார்ப்போமே" என்றாள். "நீ என்ன பண்ணுவே ரேடியோ? இனிமே யார் காதுல ஓதுவே?" என்று சிரித்தாள். நானும் கூடவே சிரித்தேன். வீட்டுக்கு வந்து சமையலறை விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

புல்காரர் விரித்துக்கொண்டே வந்து, கல் ஓரத்தில் நிறுத்திக் கேட்டார். "இதோட வெட்டிடட்டுமாம்மா? கரை தெரியணும்ல?"

"வேணாம். தண்ணி வரைக்கும் போடுங்க. ஒரே பச்சையா இருந்தாத்தான் பார்க்க லட்சணம்."

"எதுக்கும் வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

"அவங்ககிட்ட சொல்லியாச்சு."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். பசை நாற்றம் பொறுக்காமல் அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள்.

நான் நினைத்தது சின்ன விஷயம், தம்பி. கால் இடறும், சுளுக்கும், மிஞ்சினால் எலும்பில் கீறல் விடும். மாவுக்கட்டோடு யாரும் அவ்வளவு தூரம் பயணம் போக மாட்டார்கள். நான் பார்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் விட்டுப்போன கைத்தடியை எடுத்துத் தூசி தட்டிக்கூட வைத்தேன். நாங்கள் உட்காரும் பக்கம்தான் ஆழம் என்பது எனக்குத் தெரியாததல்ல. அங்கேதான் நிழல்.

மறுநாள் சாயங்காலம் நான் போகவில்லை. ஜன்னலில் இருந்தேன். குளத்தோர நாற்காலி முதுகில் என் துண்டு கிடந்தது; அக்காவின் மங்கிய கண்ணுக்கு அதுவே நான்தான். "வந்துட்டியா? என்னடி, சத்தத்தையே காணோம். பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்றாள். புல்லில் கால் வைத்ததும் நின்று, விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். "மெத்துமெத்துன்னு இருக்கே." அப்புறம் அந்தத் துண்டோடு பேசிக்கொண்டே, காலால் கல்லைத் தேடிக்கொண்டு நடந்தாள்.

தண்ணீருக்குள்ளிருந்து என்னை இரண்டு தரம் கூப்பிட்டாள். உன்னையல்ல, என்னை.

எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் இலை அள்ளும் நீளக் கம்பு என் பக்கத்துச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கதவுக்கு என்றைக்கும் தாழ் கிடையாது. கம்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது குரல் கொடுத்தால் அவ்வளவு நேரமும் நான் அங்கேயே இருந்தது அவளுக்குத் தெரிந்துவிடும். என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

தண்ணீர் அடங்கிய பிறகுதான் கத்தினேன். தெருவே வந்தது.

இப்போது வீடு பார்க்க யாரும் வருவதில்லை. நாளை பூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல், நான் இதையே சொல்வேன். அந்தச் சின்னக் கதவுக்கு மட்டும் பூட்டுப் போடாதே, தம்பி. சாயங்காலம் நான் போய் உட்கார வேண்டும். நான் பேச்சுக் கொடுக்காவிட்டால் அக்காவுக்குக் கரை எங்கே இருக்கிறதென்று தெரியாது.