காதாலே ஊர் பாக்குறது

அட, பின்னாடி வராதீங்க சாமி, இப்படி எம் பக்கம் மொகத்த காட்டிக்கினு நடங்க. பேசுறவங்க மொகத்த பாக்கலன்னா எனக்குப் பேச்சே ஓடாது. கெட்ட பழக்கம், இன்னா பண்றது?

கோட்டைக்குக் கணக்கெழுத வந்தவருன்னு உங்க எழுத்தாணிய பாத்தே கண்டுக்கினேன். ஒல்லாந்துக்காரனுங்க கூப்புடுறதுக்குள்ள பழவேற்காட்ட ஒரு சுத்து சுத்திடலாம் வாங்க. கண்ணால பாக்காதீங்க, காதால பாருங்க. கண்ண மூடிக்கினே எந்தத் தெருன்னு சொல்றவன் நானு. சிரிக்காதீங்க. அப்படி ஜம்பமா நடந்துதான் சாயத்தொட்டில கால வுட்டேன். ஒரு கால் மட்டும் நீலமா திரிஞ்சேன். அந்தக் கால வெளிய வெச்சிட்டு உள்ள வான்னா எம் பொண்டாட்டி.

எனக்கு வேல இல்லியான்னா கேக்குறீங்க? எம் பொண்ணு குப்பம்மாவுக்கு இடுப்பு வலி எடுத்திருக்கு சாமி. ஆம்பள வாசப்படி மிதிக்கக் கூடாதே. புள்ள அழுவுற சத்தம் கேட்டா வா, அதுவரைக்கும் எங்கன்னா போய்த் தொலைன்னு மருத்துவச்சி வெரட்டிட்டா. அதான் காலைலேர்ந்து தெருத்தெருவா சுத்துறேன். போன தடவ பொறந்தது அழவே இல்ல சாமி. வுடுங்க.

தோ, நெசவுக்காரங்க தெரு. டக்கு டக்குன்னு தறி பேசுது, கேக்குதா? ஏன் மொகத்த சுளிக்கிறீங்க? ஒண்ணும் கேக்கலியா? அய்யய்யோ, இன்னிக்கு அமாவாச! எவனும் தறில ஒக்கார மாட்டானே. பாத்தீங்களா நம்ம லட்சணத்த!

சரி, ஏரிப்பக்கம் வாங்க. அந்தப் படகுல கட்டையால தட்டுறானுங்க பாருங்க, அந்தச் சத்தத்துக்கு மடவ மீனு மெரண்டு வலைல பாயும். நம்ம படகுதான் அது. இன்னிக்கு மட்டும் போவல. வலைய எறக்குடான்னு நம்ம படகுக்காரன் திருவேங்கடம் கத்துனா எல்லாரும் எறக்குனப்புறம்தான் நான் எறக்குறனாம். சோம்பேறின்னு திட்டுறான்.

ஏன் கைய புடிச்சி இழுக்குறீங்க? ஓ, மாட்டு வண்டியா! இந்தத் தனக்கோடிக்குத் திமிரு, வண்டி வந்தாலும் நவுர மாட்டான்னு ஊரே என்னப் பத்திப் பேசுது. பேசட்டுமே.

நில்லுங்க. இதான் நம்ம வூடு. எத்தினி சுத்து சுத்துனாலும் காலு இங்கதான் வந்து நிக்குது. சாமி, உங்களால ஒரு ஒதவி ஆவணும். வெளியூரு, யாராண்டயும் சொல்ல மாட்டீங்கன்னுதான் உங்கள புடிச்சேன். போன மழைக்கு ஒரு சுரம் வந்துச்சி, அதோட ரெண்டு காதும் போயிடுச்சி. செவிடன எவன் படகுல ஏத்துவான்? வூட்லயும் சொல்லல. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க, உள்ள புள்ள அழுவுதா?

தலைய ஆட்டுறீங்க. மெய்யாலுமா? நல்லாவே அழுவுதா? அய்யோ சாமி, நீங்க நல்லா இருக்கணும்! எப்படி அழுவுது? கொஞ்சம் அழுது காட்டுங்க. வெக்கப்படாதீங்க, எனக்கு எங்க கேக்கப்போவுது? வாய எம்மாம் பெருசா தொறக்குதுன்னு மட்டும் பாத்துக்குறேன்.