பத்து அங்குலத்துக்கு மேலே

— இல்லைக்கா, ஊர்ச் சட்டம் அது. வாசல்ல எது வளர்ந்தாலும் பத்து அங்குலம்தான். உங்க பூ என் நெஞ்சு உயரம் நிக்குது. அஞ்சு மணிக்குள்ள நீங்க வெட்டலைன்னா நகராட்சி வண்டி வந்து வெட்டிடும்.

— ஏன்டா மெர்ல், ஞாயிறு பள்ளியில உன் மூக்கைத் துடைச்சுவிட்ட கை இது. இதுலயே நோட்டீஸ் கொடுக்கிறியா? அயோவாவுல சோளம் வர்றதுக்கு முன்னாடி ஊர் பூரா இந்தப் பூதான்டா. மூணு வருஷம் காத்துக் கிடந்தேன், இந்த வாரம்தான் பூத்திருக்கு!

— அழகாத்தான் இருக்கு. ஆனா இந்த மஞ்சப்பூ... ஹ... ஹச்சூ! பார்த்தீங்களா? ஊர்ல பாதிப் பேருக்கு இதனாலதான் தும்மல்.

— அபாண்டம்! தும்ம வைக்கிறது உங்க நகராட்சி சாக்கடையோரம் நிக்குதே, அந்தப் பச்சைக் களை. இது தேமேன்னு நிக்குது, பழி மட்டும் இது தலையில.

— சரி, அந்த நீலப்பூ ஏன் மொட்டாவே இருக்கு?

— அது திறக்காது. வண்டுதான் முட்டி மோதி உள்ள போகணும். நில்லு, இப்ப ஒண்ணு போகுது பாரு! பின்பக்கம் மட்டும் தெரியுதா? இதை வெட்ட உனக்கு மனசு வருதா?

— வரலக்கா. புகார் கொடுத்தவங்க வாபஸ் வாங்கினா இப்பவே கிழிச்சுப் போடுறேன். பேரை மட்டும் கேக்காதீங்க.

— கேக்கவே வேண்டாம். எதிர்வீட்டு மார்லிஸ்தான். ஏங்க டெல்பர்ட்! அடுப்புல இருக்கிற ஆப்பிள் கேக்கை எடுத்துட்டு வாங்க!

— எதுக்கு ஆர்டிஸ்?

— மார்லிஸுக்கு.

— சண்டை போடப் போறியா?

— சண்டையா? நம்ம ஊர்ல யாருங்க சண்டை போடுவா? கேக்கைக் கொடுத்துட்டு, கடைசித் துண்டு அவ தொண்டையில இறங்குற வரைக்கும் எதிர்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருப்பேன்.

— ஐயோ ஆர்டிஸ், அவ பாவம்!

— கட்டின பெண்டாட்டி வயிறு எரியுது, அவளுக்குப் பரிஞ்சு பேசுறீங்களா? தள்ளுங்க, நான் போறேன்.

— போகாத ஆர்டிஸ். முப்பத்தெட்டு வருஷம் சனிக்கிழமைன்னா இந்த வாசல்ல புல்லு வெட்டினேன். நீ பூ விதை போட்டதுலேருந்து மெஷினைத் துடைச்சு வச்சுட்டு சும்மா உள்ள வந்துடுறேன். எனக்கு இங்க வேலையே இல்லைன்னு ஆயிடுச்சு. உங்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னுதான் நகராட்சிக்கு எழுதிப் போட்டேன்... மெர்ல், வாபஸ் வாங்க எந்த இடத்துல கையெழுத்துப் போடணும், காட்டு.