ஆளுக்கு ஒரு காது

— மறுபடியும் சொல்லு மாமா. முதலாளி கேட்டதுக்கு நீ என்னா சொன்ன? அவர் கடையாளு துரைக்கண்ணு அண்ணன் புடவையைக் குடுத்துட்டுப் போவும்போது சொல்லிட்டாரு. உன் வாயால ஒரு தடவை கேக்கணும்.

— சொல்றேன் கேளு சங்கரி. மொதல்ல அந்தப் புடவையைக் கீழ வை. கசங்கிடப் போவுது.

— இனிமே கசங்கினா என்னா, கசங்காட்டி என்னா? வேணாம்னு திருப்பி அனுப்பிட்ட புடவை. அவர் கேட்டாரு, நீ என்னா சொன்ன?

— கண்ணாடி மேஜையில விரிச்சு, அடியில லைட்டு போட்டாரு. புடவை உடல்ல ஆறு எடத்துல பட்டை பட்டையா தெரியுது. மத்த எடமெல்லாம் மெத்துனு இருக்குது, அந்த ஆறு எடம் மட்டும் அட்டையாட்டம் இறுகிக்கினு இருக்குது. ஏன்டா சிவராஜுன்னாரு. நாலு பேர் முன்னாடி. நான் என்னா சொல்றது?

— அதான் நானும் கேக்கறேன்.

— பாட்டு கேட்டுக்கினே நெய்யறோம்னு சொன்னேன்.

— நெய்யறோம்னா சொன்ன? நல்லா யோசிச்சுப் பாரு.

— சரி, அவ கேட்டுக்கினே நெய்யறான்னு சொன்னேன். காதுல சண்டைப் பாட்டு ஓடும்போது கரைக்கு நூல் ஓட்டற நாடாவை வேகமா வீசிடறா, அந்த வேகத்துக்கு என் கையும் ஊடை நூலை நெருக்கற பலகையை இழுத்து அடிச்சிடுதுன்னு சொன்னேன். போதுமா?

— போதாது. மீதியையும் சொல்லு.

— மீதி என்னா? ஆளை மாத்துடான்னாரு. நாளைக்குப் புதுப் பாவு ஏறுது, உன் எடத்துல கோர்வை போட எஸ்தரை அனுப்பறேன்னாரு. நான் சரின்னேன்.

— சரின்ன.

— வேற என்னா சொல்லச் சொல்ற? உன் கைன்னா ஆள் மாத்தறதோட போச்சு. என் கைன்னு சொன்னா தறியே இந்த வீட்டை விட்டுப் போயிடும். அதைக் கொஞ்சம் யோசி.

— ஆள் மாத்தறதோட போச்சா? அந்த ஆள் நான்தான் மாமா.

— எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சா பேசற பேச்சா இது? ஆறு வருஷமா உன் வலது கைப் பக்கம் குந்திக்கினு கரை போடறேன். நீ உடலுக்கு நாடா விட்டா, நான் கரைக்கு விடணும். ஒரு இழை பிசகினா ரெண்டும் சேர்ற எடத்துல ஓட்டை விழும். இந்தா, பிடிச்சுப் பாரு. எங்கனா ஒரு ஓட்டை இருக்குதா? காட்டு.

— ஓட்டைன்னு நான் சொல்லவே இல்லியே.

— காட்டுன்னு சொல்றேன்.

— இல்ல. ஓட்டை இல்ல. கோர்வை சுத்தமா இருக்குது.

— கோர்வை சுத்தமா போட்டவளுக்கு, முதலாளி வீட்டு மாடியில நூல் சுத்தற வேலை. நூல் சுத்தறதுக்கா நான் இதைக் கத்துக்கினேன்?

— ஒரு பாவுதான் சங்கரி. பதினஞ்சு நாள், இருவது நாள். அவர் கோவம் தணிஞ்சதும் நானே போய்ப் பேசி உன்னைக் கூட்டியாந்துடறேன்.

— நீயே போய்ப் பேசுவியா? இன்னிக்குப் பேசினியே, அந்த மாதிரியா? அதை விடு. இந்தப் பட்டையெல்லாம் எப்ப விழுந்துதுன்னு நான் சொல்லட்டுமா? முந்தியிலிருந்து ரெண்டு முழம் தள்ளி இருக்குதே, இது செவ்வாக்கெழமை. டீ குடிச்சிட்டு வந்து உக்காந்தோம். நீ என்னா பாட்டு போட்ட?

— அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்குது?

— எனக்கு இருக்குது. இரும்பு ராணி. பனிப்பாலம் கேம்ல கடைசி சண்டை. ராணிக்கு மூணு உசிரு, மொத உசிரு போவும்போது மேளம் நின்னுடும், செத்துட்டான்னு நெனச்சுக்கினு இருக்கும்போதே திரும்பி எழுந்து வருவா, அப்ப முன்ன இருந்ததைவிட ரெண்டு மடங்கு வேகம். சரியா?

— சரி. கரெக்டா சொல்ற. செம ட்ராக் அது.

— இந்தப் பட்டை அந்த ரெண்டு மடங்கு வேகம். இதுக்கு அப்புறம் இங்க மெத்துனு இருக்குது பாரு, இது கலங்கரை விளக்கு அனிமே, அந்த ஜப்பான் கார்ட்டூன் படம். அப்பன் படகு வராதுன்னு தெரிஞ்சும் அந்தப் பொண்ணு தினமும் விளக்கு ஏத்துவாளே, அந்தப் பியானோ. இந்த எடத்துல உன் கை எப்படி எறங்கியிருக்குது, தொட்டுப் பாரு. பூ மாதிரி எறங்கியிருக்குது.

— நீயும் அழுத அந்தப் பாட்டுக்கு.

— அழுதேன். அதுக்கு என்னா இப்ப?

— அதைத்தான் சொல்றேன். என்னைவிட நீதான் இதுல ஊறிப் போயிருக்கற. என் போன்ல பாட்டு குரூப்புல இருக்கறவங்களுக்குக்கூட ராணியோட மூணு உசிரு இவ்ளோ தெளிவாத் தெரியாது. ஏனாத்தூர் காலேஜ் பசங்க, நாள் பூரா கேம் ஆடறவங்க, அவங்களுக்கே நான்தான் சொல்லணும். நீ ஒரு தடவை கேட்டா அப்படியே புடிச்சுக்கற. அப்படிக் கேக்கற காது இருந்தா கை சும்மா இருக்குமா? ராணி எழுந்து வரும்போது உன் நாடாவும் பறக்குது. நான் என்னா பண்ணுவேன்?

— பலகையை அடிக்கறது யார் கை?

— என் கைதான். ஆனா நீ நாடாவைத் தள்ளினாதானே நான் அடிக்க முடியும்? நீ வேகமா தள்ளினா நான் வேகமா அடிக்கணும். ரெண்டு பேர் நெய்யற தறியில ஒருத்தர் மட்டும் எப்படி ஓட முடியும்?

— நீ ஓடின. உன் பின்னாடியே ஓட்டை விழாம நான் ஓடி வந்தேன். அதான் நடந்துது.

— அதை யார் பாத்தாங்க?

— நீ பாத்த. பக்கத்துல குந்திக்கினு இருந்தது நீதானே? தெனமும் டீ குடிச்சிட்டு வந்தா உனக்கு ராணி வேணும். காலைத் தரையில தட்டுவ, பல்லைக் கடிச்சுக்குவ, "இப்ப வரா பாரு, இப்ப வரா பாரு"ன்னுவ. அன்னிக்கே சொன்னேனா இல்லியா, மாமா மெதுவா, ஊடை இறுகுதுன்னு?

— சொல்லியிருப்ப.

— சொன்னேன். ரெண்டு தடவை. இப்பவாவது எழுந்து போ. வண்டியை எடுத்துக்கினு போய், என் கைதான் முதலாளி, சங்கரி மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. தறி போனா போவட்டும், வேற முதலாளிகிட்டப் பாத்துக்கலாம். உன் வாயால நீ சொல்லணும். அவ்ளோதான் நான் கேக்கறது.

— அது முடியாது சங்கரி.

— ஏன்?

— எங்க அப்பா கையைப் பத்தி முதலாளியே பெருமையா பேசியிருக்காரு. சிவராஜு கையும் அப்படித்தான், தராசு மாதிரின்னு ஊர் பூராச் சொல்லி வெச்சிருக்காரு. அவர் முன்னாடி நின்னு என் கை ஆடிப்போச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்? செத்துடலாம்.

— நான் போய் மாடியில குந்தலாம். நீ செத்துடக் கூடாது.

— அப்படிப் பேசாத.

— வேற எப்படிப் பேசறது? நல்லா வருது வாயில.

— சிவராஜு, இருக்கியா நைனா? உள்ள வரலாமா?

— வாங்க துரைக்கண்ணு அண்ணே. நல்ல நேரத்துல வந்தீங்க.

— நேரமா பாத்து வரேன்? முதலாளி நிக்க விடல. எஸ்தர் வந்து கடையில குந்திக்கினு இருக்குது, நாளைக்குக் காலையில வரச் சொல்லலாமா வேணாமான்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு. என்னம்மா சங்கரி, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது.

— ஒண்ணுமில்ல அண்ணே.

— அண்ணே, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. இவ காதுல பாட்டு கேட்டுக்கினு கை ஓடிப்போச்சுன்னு நான் சொல்றேன். இவ ஒத்துக்க மாட்டேன்றா. ஒரு நிமிஷம் அந்த ராணி ட்ராக்கைக் கேட்டுப் பாருங்க. மனுஷன் கை மெதுவாப் போவுமான்னு நீங்களே சொல்லுங்க.

— எனக்கு எதுக்கு நைனா இந்த வம்பு? எங்க காலத்துல ரேடியோதான். அதுவும் பக்கத்து வீட்டு ரேடியோ.

— வேணாம் மாமா. விடு.

— ஏன் வேணாம்? இப்ப மட்டும் ஏன் வேணாம்ன்ற? அண்ணே, இப்படி வந்து சங்கரி குந்தற எடத்துல குந்துங்க. இந்தாங்க, இது அவ காதுல போடறது. இது என்னுது.

— என்னா நைனா, வயரு இவ்ளோ நீளமா இருக்குது? கடையில இப்படி விக்கறாங்களா?

— கடையில எங்க கிடைக்குது? தறிக்கு அந்தக் கடைசி வரைக்கும் எட்டலைன்னு நானே அறுத்து, நடுவுல வேற வயரு வெச்சு ஒட்டினேன். ஆளுக்கு ஒரு காது. கல்யாணம் ஆன வருஷம் ஒட்டினது. போட்டுக்கினீங்களா?

— போட்டுக்கினேன்.

— இப்ப பாருங்க. மொதல்ல மணி அடிக்கும். அப்புறம் மேளம் வரும். வந்துதா?

— ஒண்ணும் வரலியே.

— இருங்க, சத்தம் ஏத்தறேன். எனக்குக் காது கிழியுது. இப்ப?

— இல்ல நைனா.

— நல்லா அழுத்திப் போடுங்க அண்ணே. இதோ, ராணி எழுந்து வரா. இது கூடவா கேக்கல?

— உன் குரல்தான் கேக்குது. வேற ஒரு சத்தமும் இல்ல.

— என் காதுல போடறது ஆடி மாசத்துலியே கெட்டுப் போயிடுச்சு அண்ணே. சொன்னா இவரு ஆளுக்கு ஒண்ணு புதுசா வாங்கிடுவாரு, அப்புறம் பாட்டுக்குப் பாட்டு எனக்குக் கதை சொல்ல மாட்டாருன்னு சொல்லாம வெச்சிருந்தேன். நாளைக்கு எஸ்தரையே வரச் சொல்லுங்க.